தண்ணிக்குள் நின்று வாடிய ரஸ்தாளி

திருவானைக்காவல் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்குப் பின்னால் ஒரு வெண்ணாவல் மரம் நிற்கிறது. அதுதான் தல விருட்சம். ஒரு முனிவர் நாவல் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட, அது அவர் தலையைப் பிளந்துகொண்டு மரமாக வளர்ந்தது என்பது தலபுராணம். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. லிங்கத்தின் அடியில் எப்போதும் நீர் ஊறும், காவிரி பெருகினால் இன்னும் கூடுதலாக ஊறும் என்பார்கள். ஆக, தண்ணீர் கீழே, மரம் மேலே. கீழே இருக்கும் தண்ணீர் மேலே இருக்கும் இலைக்கு எப்படிப் போகிறது என்று அந்த இடத்தில் நின்று யாராவது யோசித்திருப்பார்களா தெரியாது. நான் யோசித்ததில்லை. எனக்கு இந்தக் கேள்வி வந்தது கோயிலில் அல்ல, அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், திருவளர்ச்சோலைப் பக்கம் தாத்தாவின் வாழைப் படுகையில்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆனது 1987 மார்ச்சில். அதற்கு அடுத்த வருஷம் தாத்தா படுகை முழுக்க ரஸ்தாளி போட்டிருந்தார். ஆறேழு மாசம் நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒரு மூலையில் நாலைந்து மரங்களில் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்க ஆரம்பித்தன. காம்பு ஒடிந்து, பாவாடை கட்டினது போல இலைகள் மரத்தைச் சுற்றித் தொங்கும். உச்சியில் குருத்து மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். தாத்தாவுக்கு அதைப் பார்த்ததும் தோன்றியது ஒன்றுதான்: "தண்ணி பத்தல." வாய்க்காலில் தண்ணிக்குப் பஞ்சமில்லை. மடையைத் திறந்துவிட்டார். மரங்கள் சேற்றில் நின்றுகொண்டே வாடின. இன்னும் தண்ணி விட்டார். பக்கத்து வரிசையும் வாடியது.

கடைசியில் பக்கத்துப் படுகைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வாடிய மரம் ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய மட்டைகளில் செம்பழுப்பாக வளைய வளையமாகக் கறை. கிழங்கை வெட்டினால் உள்ளே துருப்பிடித்த கம்பி மாதிரி கோடுகள். "தண்ணி இருக்குண்ணே, ஏற மாட்டேங்குது" என்றார் அவர்.

அந்த வாக்கியத்தின் பின்னால் எவ்வளவு பெரிய சண்டை இருக்கிறது என்பது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது.

முதலில் நம் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துக் கிணற்றுப் பாசனத்தில் மோட்டாரைக் கரையில் வைக்க மாட்டார்கள். கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் திட்டு கட்டி இறக்கி வைப்பார்கள். மழைக்காலத்தில் நீர் ஏறினால் மோட்டார் முழுகும், அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு? கரையில் வைத்தால் சுமார் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணியை மோட்டார் இழுக்காது. உறிஞ்சுவது என்று நாம் சொல்வது உண்மையில் உறிஞ்சுவதல்ல. குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறோம், வெளியே உள்ள காற்றின் எடை கிணற்று நீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. காற்றின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் தண்ணீர் ஏறும். கணக்குப்படி 34 அடி, அதாவது 10.3 மீட்டர். எவ்வளவு நல்ல பம்பு வாங்கினாலும் அதற்குமேல் ஓர் அங்குலம் கிடையாது. இத்தாலியில் டாரிசெல்லி 1640களில் இதைப் புரியவைத்தார்.

ஸ்ரீரங்கத்துத் தென்னைகளை அண்ணாந்து பாருங்கள். அறுபது, எழுபது அடி சாதாரணம். ராஜகோபுரம் 236 அடி, சுமார் 72 மீட்டர். மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர். கலிஃபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயர் வைத்திருக்கும் செம்மரம் ஒன்று 115 மீட்டருக்கும் மேல் (நம் செம்மரம் அல்ல, அது ஊசியிலை மரம்). மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாருக்கு மேலே இன்னும் பத்து மாடி வைத்த உயரம். அதன் நுனி இலைக்கும் தண்ணீர் போகிறது. மோட்டார் சத்தம் கேட்பதில்லை.

இதை அளந்து பார்க்க ஆரம்பித்தவர் ஒரு பாதிரியார். ஸ்டீபன் ஹேல்ஸ், இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊர். 1727இல் வந்த அவருடைய புத்தகத்தில் தொட்டியில் வைத்த ஒரு சூரியகாந்திச் செடி வருகிறது. மூன்றரை அடி உயரம். தொட்டியை மூடி, தினமும் காலையும் மாலையும் எடை போட்டிருக்கிறார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்தச் செடி சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ் தண்ணீரை, அதாவது அரை லிட்டருக்கும் மேல், காற்றில் விட்டிருக்கிறது. அதே மனிதர் திராட்சைக் கொடியை வெட்டி, வெட்டுவாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்தார். சாறு தானாகவே குழாயில் பல அடி ஏறியது. வேர் கீழிருந்து தள்ளுகிறது. இதற்கு இன்றைய பெயர் வேர் அழுத்தம்.

இந்தச் சோதனையை நம்ம ஊரில் ஹேல்ஸைக் கேள்விப்படாதவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள். தார் வெட்டிய வாழையை அடியோடு சாய்த்துவிட்டு, மிச்சமிருக்கும் கிழங்கில் கிண்ணம் மாதிரி குழி தோண்டி, இலையால் மூடி வைத்துவிட்டு வருவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் குழியில் தண்ணி ஊறி நிற்கும். சிறுநீரகக் கல்லுக்கு அதைக் குடிப்பார்கள். (கல் கரையுமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அதில் பொறுப்பு இல்லை.) இலை இல்லை, தண்டு இல்லை, வெயில் இல்லை, ஆனாலும் தண்ணி வருகிறது. காலையில் நெற்பயிர் நுனியில் முத்து முத்தாக நிற்பதும் பெரும்பாலும் பனி அல்ல, இதே வேர் அழுத்தம் பிதுக்கியதுதான்.

அப்படியானால் விஷயம் முடிந்தது, வேர்தான் பம்பு என்று சொல்லிவிடலாமா? முடியாது. இந்தத் தள்ளல் ராத்திரியில்தான் ஜோராக இருக்கும். மரத்துக்குத் தண்ணி அதிகம் தேவைப்படும் உச்சி வெயிலில் அது காணாமல் போய்விடும். பல மரங்களில் அது இல்லவே இல்லை. இருக்கிற இடத்திலும் நூறு மீட்டருக்குத் தள்ளும் பலம் கிடையாது.

வேர் இல்லையென்றால் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ஜெர்மனியில் இதுதான் கேள்வி. தண்டுக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுகின்றன என்று ஒரு கட்சி. பான் நகரத்தில் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் 1891இல் கொஞ்சம் கொடூரமாக இதைச் சோதித்தார். 75 வயது ஓக் மரம், சுமார் 22 மீட்டர் உயரம். அடியில் அறுத்து, பிக்ரிக் அமிலத் தொட்டியில் நிறுத்திவிட்டார். அமிலம் செல்களைக் கொன்றுகொண்டே மேலே ஏறியது. சில நாள் கழித்து அதே தொட்டியில் சாயம் கலந்தார். செத்துப்போன தண்டின் வழியாகச் சாயமும் ஏறியது. தூக்குகிறவர்கள் என்று சொல்லப்பட்ட அத்தனை பேரையும் கொன்ற பிறகும் தண்ணி நிற்கவில்லை.

அந்த ஸ்ட்ராஸ்பர்கரிடம் வேலை செய்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பினார் ஹென்றி டிக்சன் என்ற இளைஞர். அவருடைய நண்பர் ஜான் ஜோலி இயற்பியல் ஆள். இருவரும் சேர்ந்து 1894–95இல் சொன்னதுதான் இன்றுவரை நிற்கிறது. யாரும் தள்ளவில்லை, மேலிருந்து இழுக்கப்படுகிறது என்றார்கள்.

எப்படி? சைலம் என்கிற நீர்க்குழாய்கள் முடியளவு மெல்லியவை. அந்தச் செல்கள் வளர்ந்து, சுவரைக் கெட்டிப்படுத்திக்கொண்டு, செத்துப்போன பிறகுதான் குழாயாகவே மாறுகின்றன. வேரிலிருந்து இலைவரை அந்தக் குழாய்களில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிறைந்திருக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். இலைக்குள் செல் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், அவற்றில் ஈரம். வெயில் அந்த ஈரத்தை ஆவியாக்க ஆக்க, துளைக்குள் நீரின் மேற்பரப்பு உள்வாங்கி வளைகிறது. பரப்பு இழுவிசை அதை நிமிர்த்தப் பார்க்கிறது. அந்த இழுப்பு பின்னாலிருக்கும் நீருக்குப் போய், அதற்குப் பின்னாலிருக்கும் நீருக்குப் போய், வேர்வரை போகிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தின் முனையில் பிடித்தவர்கள் இழுத்தால் தேர் நகர்வது வடம் அறாமல் இருப்பதால்தான். இங்கே வடம் தண்ணீராலேயே ஆனது, இழுப்பது வெயில். மரம் தன் பங்காக ஒரு காசு செலவழிப்பதில்லை, குழாய் போட்டுக் கொடுத்ததோடு சரி.

34 அடிக் கணக்கு இங்கே செல்லாததற்கும் இதுதான் காரணம். அது காற்று தள்ளும் கணக்கு. இது கயிறு இழுக்கும் கணக்கு.

தண்ணீரைக் கயிறாக நினைக்க அன்றைக்கு எத்தனையோ பேருக்கு மனசு வரவில்லை. திரவத்தை எப்படி இழுக்க முடியும்? அந்த இடைவெளியில் நுழைந்தவர் நம் நாட்டுக்காரர், ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரேடியோ அலைகளில் மார்க்கோனிக்கு முன்பே வேலை செய்தவர். பிறகு செடிகளிடம் வந்து, தொட்டாற்சிணுங்கியின் நரம்புத் துடிப்பை அளக்கக் கருவிகள் செய்தவர். 1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வுநிலையத்தைத் தொடங்கினார். 1923இல் சாறேற்றத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் போட்டார். மெல்லிய மின்முனை ஒன்றைத் தண்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, ஒவ்வோர் ஆழத்திலும் மின்துடிப்பைப் பார்த்தார். புறணியின் உள் அடுக்குச் செல்களில் துடிப்பு அதிகமாக இருப்பதைக் கண்டார். அந்தச் செல்கள் சுருங்கி விரிந்து இதயம் போலச் சாற்றை மேலே தள்ளுகின்றன என்பது அவர் முடிவு. வேரும் வேண்டாம், இலையும் வேண்டாம், அவை இல்லாமலும் சாறு ஏறும் என்று வாதிட்டார். மரத்துக்கு ஓர் இதயம், அதுவும் நீளவாக்கில்.

இது எவ்வளவு பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் மரத்துக்குள் செத்த குழாயைப் பார்த்தான், நம்மவர் உயிரைப் பார்த்தார். அந்தக் காலத்துச் சுதேசி மனசுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறில்லை. இப்போதும் இணையத்தில் இதை "மறைக்கப்பட்ட உண்மை" என்று சுற்றவிடுகிறார்கள். நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் "துடிப்புக் கொள்கை" என்று ஒரு பத்தி படித்தோம். சரியா தப்பா என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு மார்க் கேள்வி.

தப்புதான். அதைக் காட்ட ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை, ஓர் அரிவாள் போதும். மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். போஸ் சொன்ன துடிக்கும் அடுக்கும் அதோடு போய்விடும். ஆனால் இலை வாடாது. 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் மால்பிகி பட்டை உரித்துப் பார்த்திருக்கிறார். மேலிருந்து வேருக்குப் போகும் உணவு தடைபட்டு, மரம் மாதக்கணக்கில் மெல்லச் சாகும் என்பது வேறு விஷயம். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதோடு, வெயில் நேரத்தில் சாறு ஓடும் வேகத்துக்கு ஒவ்வொரு செல்லும் பிடித்துத் தள்ளிக் கைமாற்ற அவகாசமே கிடையாது. மற்ற நாடுகளில் அவர் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த முடிவும் வரவில்லை.

போஸை இதற்காகக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. செடிகளில் மின்சமிக்ஞை ஓடுகிறது என்று அவர் சொன்னது நிலைத்துவிட்டது. அவர் அளந்த துடிப்பு பொய்யல்ல, அது தண்ணியைத் தூக்குகிறது என்றதுதான் பிசகு.

இதில் ஒரு திருவானைக்காவல் தொடர்பு உண்டு. சி.வி. ராமன் பிறந்தது அங்கேதான், தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7. அவருடைய ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று 1907இல் வந்தது. திரவங்களின் பரப்பு இழுவிசையை அளப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். இலையின் நுண்துளையில் வடத்தைப் பிடித்து இழுப்பதும் அதே பரப்பு இழுவிசைதான். பின்னால் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் அவர் பேராசிரியரானபோது, கல்லூரியின் முகவரி 92, அப்பர் சர்க்குலர் ரோடு. போஸ் ஆய்வுநிலையம் 93. ஒரு சுவர் தள்ளி ஒருவர் மரத்தின் இதயத்தைத் தேடிக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஒளிச்சிதறலில் மூழ்கியிருந்தார். ராமன் சாறேற்றத்தின் பக்கம் வரவே இல்லை. வந்திருந்தால் என்று யோசிப்பது என் வழக்கமான வெட்டிவேலை.

டிக்சனிடமும் ஓர் ஓட்டை இருந்தது. தண்ணீர் கயிறு மாதிரி விறைப்பாக நிற்கிறது என்றால், எவ்வளவு விறைப்பு என்று அளக்க வேண்டாமா? இலைக் கிளையை ஒரு கலத்துக்குள் அடைத்து, வெட்டிய காம்பை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்ற வேண்டும். எந்த அழுத்தத்தில் காம்பில் சாறு துளிர்க்கிறதோ, அதுதான் மரத்துக்குள் இருந்த இழுப்பின் அளவு. டிக்சன் முயற்சி செய்தார். கண்ணாடிக் கலம் வெடித்துச் சிதறியது. விட்டுவிட்டார்.

ஐம்பது வருஷம் கழித்து, 1965இல் ஷோலாண்டர் குழு அதே யோசனையை எஃகுக் கலத்தில் செய்தது. உயர்ந்த மரங்களின் உச்சிக் கொப்பு வேண்டுமே, ஏறுவது யார்? துப்பாக்கியால் சுட்டு விழுத்தினார்கள். மரத்தின் மேலே போகப் போக இழுப்பு கூடியது, டிக்சன் கணக்குப் போட்ட திசையிலேயே. அலையாத்தி மரங்களில்தான் உச்சம். கடல்நீரிலிருந்து நல்ல தண்ணியைப் பிரித்தெடுக்கவே சுமார் 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும், அவற்றில் 30 முதல் 60 வரை அளந்தார்கள். நம் காவிரி கடைசியில் கடலைத் தொடும் முத்துப்பேட்டையில் அலையாத்திகள் உப்புத் தண்ணியில் நின்று பச்சையாக இருப்பது இந்த இழுப்பால்தான்.

இவ்வளவு விறைத்த கயிறு எப்போதாவது அறுந்துதானே ஆக வேண்டும்? அறுகிறது. குழாய்க்குள் குமிழி புகுந்தால் அந்தக் குழாய் அதோடு காலி. 1966இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் நம் ஆமணக்கு இலைக்காம்பில் ஒலிவாங்கியைப் பொருத்தி, இலை வாட வாடக் கேட்டார்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு நீர்க்கயிறு அறும் சத்தம்.

இனி தாத்தாவின் படுகைக்குத் திரும்பலாம்.

ரஸ்தாளிக்கு வந்தது பனாமா வாடல். ஃப்யூசேரியம் என்ற பூஞ்சணம். முதலில் பதிவானது 1870களில் ஆஸ்திரேலியாவில், பெயர் வாங்கியது பனாமாவில். மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களில் இருந்த குரோமிஷெல் ரகத்தை அழித்து, 1960களுக்குள் உலகச் சந்தையையே கேவண்டிஷுக்கு மாற்ற வைத்தது இந்த நோய்தான். மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து நேராக நீர்க்குழாய்க்குள் போய்க் குடியிருக்கும். வாழை சும்மா இருக்காது. பரவவிடாமல் தடுக்கப் பிசினை ஊற்றித் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பாதி, வாழையின் தற்காப்பு பாதி, இரண்டும் சேர்ந்து வழியை அடைத்துவிடும். படுகைக்காரர் வெட்டிக் காட்டிய செம்பழுப்புக் கறை அதுதான். மேலே வெயில் இழுக்கிறது, கீழே தண்ணி நிற்கிறது, நடுவில் வடம் இல்லை.

செத்த குழாய் என்று டிக்சன் சொன்னதன் கடுமை இங்கேதான் எனக்கு உறைத்தது. தண்டுக்குள் இதயம் மாதிரி ஒன்று இருந்தால், அதைத் தட்டியெழுப்ப மருந்து தேடலாம். குழாய் அடைத்துக்கொண்டால் அந்த மரத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. தாத்தா செய்ததோ அதைவிட மோசம். பூஞ்சணத்தின் வித்துகள் பாசனத் தண்ணியோடு போகும். வாடிய மூலையிலிருந்து மடை திறந்து அடுத்த வரிசைக்கும் அதற்கடுத்த வரிசைக்கும் அவரே அனுப்பி வைத்திருக்கிறார், தாகம் தீர்க்கிறேன் என்று நினைத்து. அந்தப் போகத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கடன் வாங்கிப் போட்ட கன்று. அத்தையின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. வீட்டில் இன்றைக்கும் "அந்த வருஷம் தண்ணி பத்தல" என்றுதான் சொல்வார்கள்.

1993இல் திருச்சிக்குப் பக்கத்தில் தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வந்தது. இன்று யார் கேட்டாலும் சொல்வார்கள்: நோய் வந்த தோட்டத்திலிருந்து பக்கக்கன்று எடுக்காதே, வாடிய மரத்தைத் தாண்டித் தண்ணி பாய்ச்சாதே, ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் இதைத் தாங்காது, பூவன் தாங்கும். 2010களில் பீகாரில் கேவண்டிஷையே சாய்க்கும் புது வகை தலைகாட்டியதிலிருந்து கவலை இன்னும் கூடியிருக்கிறது. அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடக்கும்.

தாத்தா அதற்கப்புறம் பூவன்தான் போட்டார். மாமாவும் பூவன்தான். போன தை மாசம் போயிருந்தபோது தார் வெட்டிய ஒரு கிழங்கில் மாமா எனக்காகக் குழி தோண்டி, இலையை மூடி, மேலே ஒரு கல்லை வைத்தார். காலையில் போய்ப் பார்த்தோம், ஒரு சொம்புக்கு மேல் ஊறியிருந்தது. கொஞ்சம் துவர்ப்பு. திரும்பும் வழியில் திருவானைக்காவல் கடையில் ரஸ்தாளி ஒரு சீப்பு வாங்கினேன். "நம்ம படுகையில போட்டுப் பாக்கலாமா மாமா?" என்று கேட்டதற்கு, அவர் பழத்தை உரித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.